இந்தத் துளையை மூடாதீர்கள்

கல்பாக்கம் அணுமின் நிலையக் குடியிருப்பில் எங்கள் வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. பால்கனிக்குக் கீழே ஒரு மணல் திடல். சாயங்காலமானால் பிளாக்கில் உள்ள மொத்தப் பிள்ளைகளும் அங்கேதான் கிடக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் கல்யாணம் முடித்து நாங்கள் அங்கே குடியேறிய சில நாளிலேயே, அந்தப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிடும் வேலையை என் மனைவி தானாக எடுத்துக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் கொடுப்பாள்.

"டேய், வூட்டுக்கு வாங்கடா! சோறு ஆறிகினு கீது!"

திடல் காலியாகிவிடும். நான் சேலத்துக்காரன். எங்கள் வீட்டில் பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடக்கூட எழுந்துதான் போவோம். இவள் செங்கல்பட்டுக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துக்காரி, வயல் இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம். அங்கே குரல் என்பது கயிறு மாதிரி, வீசினால் எட்ட வேண்டும். "நீ இருக்கும்போது நிலையத்துக்குச் சங்கு எதுக்கு?" என்று கேலி செய்வேன். "காது இருந்தா கேக்கத்தான் கேக்கும். இன்னான்ற இப்போ?" என்பாள்.

எங்கள் பெண் பிறந்து தவழ ஆரம்பித்திருந்தபோது அந்தக் குரல் கரகரத்தது. சளி என்று நினைத்தோம். சளி இல்லை என்று சென்னையில் சொன்னார்கள். குரல்வளையை முழுசாக எடுத்தால்தான் உயிருக்கு உத்தரவாதம், அதன் பிறகு பேச முடியாது, கழுத்தில் வைக்கும் ஒரு துளை வழியாகத்தான் ஆயுசுக்கும் மூச்சுவிட வேண்டும். டாக்டர் இதைச் சொன்னபோது நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. எப்போது ஆபரேஷன் என்று மட்டும் கேட்டாள்.

அப்போது எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நிலையத்தில் எங்கள் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்த பலரும் சேர்ந்து, சென்னையில் ஒரே கடையில் பேசி, ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு வந்த கம்ப்யூட்டர்கள் அவை. எந்த வீட்டுக்குப் போனாலும் அதே பெட்டி, அதே மானிட்டர், அதே பூப்போட்ட உறை. கூடவே ஒரு மைக்கும் கொடுத்திருந்தார்கள். ஆபரேஷனுக்கு முந்திய வாரம் முழுக்க, மத்தியான வேளைகளில், அவள் கதவைச் சாத்திக்கொண்டு அந்த மைக் முன்னால் உட்கார்ந்தாள். எப்படிப் பதிவு செய்வது என்று அவளுடைய தம்பி சொல்லிக் கொடுத்திருந்தான். வெளியே நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். உள்ளே கரகரப்பாக ஏதோ கேட்கும், சட்டென்று நின்றுவிடும்.

"யாரும் கேக்கக் கூடாது. பாப்பா பள்ளிக்கூடம் போற அன்னிக்கி நானே போட்டுக் காட்டுவேன். அதுவரிக்கும் யாராவது தொட்டீங்க, அப்புறம் தெரியும்" என்றாள். அது ஏறக்குறைய அவள் கடைசியாகப் போட்ட அதட்டல். நாங்கள் தொடவில்லை. தம்பி அதையெல்லாம் சி.டி.யில் போட்டுத் தருவதாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு உதட்டை அசைத்துப் பேசப் பழகினாள், நான் உதட்டைப் படிக்கப் பழகினேன். கழுத்தில் வைத்துப் பேசும் ஒரு கருவியை வாங்கிக் கொடுத்தேன். ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, ரேடியோ பழுதான மாதிரி இருக்கிறது என்று ஜாடை காட்டிப் பரணில் போட்டுவிட்டாள். பிள்ளையைக் கூப்பிட மட்டும் கைதட்டுவாள். படபடவென்று இரண்டு, கொஞ்சம் நிறுத்தி, ஓங்கி ஒன்று. அந்தத் தட்டு திடல் வரைக்கும் கேட்கும். எங்கள் பெண் கையில் எது இருந்தாலும் எறிந்துவிட்டு மேலே ஓடி வருவாள். அம்மாக்கள் என்றாலே கைதட்டுகிறவர்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அவளுக்கு மூன்று வயது தாண்டியதும், அந்த விஜயதசமி அன்று பள்ளியில் சேர்ப்பது என்று முடிவானது. முதல் நாள் ஆயுத பூஜை. எங்களைப் போன்ற தொழிலாளிகளுக்கு அதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. நிலையத்தில் ஸ்பேனர் முதல் கிரேன் வரைக்கும் பொட்டு வைத்துவிட்டு வருவோம். வீட்டிலும் ஸ்கூட்டர், மிக்ஸி, அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் உண்டு. அந்த வருடம் என் மனைவிக்குக் கம்ப்யூட்டருக்கு வெளியே வைக்கும் பொட்டு போதவில்லை. அவளுடைய குரல் எதற்குள் இருக்கிறதோ அதற்கே வைக்க வேண்டும் என்றாள். லீவுக்கு வந்திருந்த தம்பி பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். அவள் அதைத் துடைத்து, பன்னீரில் குழைத்த சந்தனத்தை மேலேயும் கீழேயும் தாராளமாக வைத்து, குங்குமம் இட்டு, மணையின் நடுவில் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். கற்பூரம் காட்டித் தண்ணீர் தெளித்தோம். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது என்பது வழக்கம். அதனால் ராத்திரி முழுக்க அது அங்கேயே ஈரத்தில் இருந்தது.

காலையில் தம்பி அதைத் திரும்ப மாட்டினான். பெண்ணுக்குப் புதுச் சீருடை போட்டாகிவிட்டது. மனைவி அவளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, தானே சுவிட்சைப் போட்டாள்.

சின்னதாக ஒரு சடசடப்பு. அப்புறம் கருகிய நாற்றம். அவளுக்கு வாசனை அவ்வளவாகத் தெரியாது, மூச்சு மூக்கு வழியாகப் போவதில்லையே. எங்கள் முகங்களைப் பார்த்துத்தான் அவளுக்குப் புரிந்தது. பாய்ந்து ப்ளக்கைப் பிடுங்கினாள்.

தம்பி அப்போதுதான் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து, ஊரப்பாக்கத்தில் ரூம் எடுத்திருந்தான். கம்ப்யூட்டர் என்றால் தான்தான் என்ற நினைப்பு கொஞ்சம் உண்டு. "பேஜாரா பூட்ச்சே மாமா. இரு, இன்னொரு வாட்டி போட்டுப் பாக்கலாம். ஒயரு லூசா கீதோ இன்னாவோ" என்று கையை நீட்டினான்.

"தொட்டீன்னா கைய ஒடச்சிருவேன்" என்றேன். நான் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை, அதனால் எடுபட்டது. எங்கள் வேலையில் ஏதாவது தப்பு நடந்தால் முதலில் செய்ய வேண்டியது கையைப் பின்னால் கட்டிக்கொள்வதுதான். நடந்தது என்ன என்று தெரிகிற வரைக்கும் இன்னொரு சுவிட்சைத் தொடக் கூடாது. இன்னொரு முறை மின்சாரம் போனால் மிச்சமிருப்பதும் போகலாம்.

பெண்ணைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து டிஸ்கை வெளியே எடுத்தோம். கீழ்ப்பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு சர்க்யூட் போர்டு. அதில் சந்தனம் காய்ந்தும் காயாமலும் அப்பியிருந்தது, அதன் நடுவில் ஒரு சில்லு கறுத்து வெடித்திருந்தது. மேல்பக்கம் மூடிய உலோகம். அதில் ஒட்டியிருந்த தாளில் ஆங்கிலத்தில் ஒரு வரி, பக்கத்தில் அம்புக்குறி. தம்பி அதைப் படித்து அக்காவுக்குச் சொன்னான்: "இந்தத் துளையை மூடாதீங்கன்னு போட்டுக்கீதுக்கா."

அந்தத் துளையின் மேல்தான் பெரிய பொட்டு இருந்தது.

அவள் முகம் சுண்டிப்போனது. எதற்குத் துளை என்று உதட்டால் கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு தட்டு சுழலும். அதைப் படிக்கிற முனை தட்டைத் தொடாது, சுழற்சியில் எழும் காற்றின் மேல் மிதக்கும். அந்த இடைவெளியில் ஒரு தூசிகூட நுழைய முடியாது, அவ்வளவு மெல்லிசு. வெளியே காற்றின் அழுத்தம் மாறினால் உள்ளேயும் மாற வேண்டும், அதற்குத்தான் வடிகட்டி வைத்த இந்தத் துளை. "மூச்சு விடத்தான்" என்று முடித்தேன்.

அவள் கை கழுத்துத் துணிக்குப் போனது. அந்தத் துணிக்குப் பின்னால்தான் அவளுடைய துளை. நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தம்பி ஒரு குண்டூசியை எடுத்தான். அவள் அதைத் தட்டிவிட்டாள். உள்ளே போய்த் தன் டப்பாவைக் கொண்டு வந்தாள். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் அவள் தன் கழுத்தைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் பஞ்சு, மழுங்கின சின்ன இடுக்கி எல்லாம் அதில் இருந்தன. துளையில் எதையும் உள்ளே தள்ளக் கூடாது, ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாகத்தான் எடுக்க வேண்டும், ஈரம் படக் கூடாது. இதை அவளுக்கு ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டிஸ்கைத் துளை கீழே பார்க்கும்படி தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். நான் பிடித்தேன். அவள் அண்ணாந்து பார்த்தபடி, சந்தனத்தை விளிம்பிலிருந்து துளித்துளியாக உதிர்த்தாள். ஒரு துகள்கூட உள்ளே விழவில்லை. தன் மூச்சுக்கு என்ன செய்வாளோ அதை அப்படியே அந்தப் பெட்டிக்குச் செய்தாள். அவளுடைய பொறுமையைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கு நினைத்தாலும் சிலிர்க்கிறது.

செங்கல்பட்டில் ஒரு கடையில் விசாரித்தோம். மேல்மூடியைத் திறந்து தட்டை எடுத்து வேறொன்றில் போட்டுத் தருகிறேன் என்றார் கடைக்காரர். அவருடைய மேஜைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, மேஜை முழுக்கத் தூசி. டிஸ்கைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். வெளியில் மழை. பஸ்ஸில் அவள் அதைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்தாள்.

தம்பி தன் ஆபீசில் கேட்டுக்கொண்டு வந்தான். உள்ளே இருப்பது கெட்டிருக்காது, கருகியது போர்டு மட்டும்தான். அதே மாடல், அதே தொகுதி டிஸ்கின் போர்டைக் கழற்றி இதில் மாட்டினால் ஓடும், ஓடினால் உடனே மொத்தத்தையும் வேறு டிஸ்குக்குப் பிரதி எடுத்துவிட வேண்டும் என்றான். "ஆனா அதே தொகுதி கெடைக்கிறது கஷ்டம் மாமா. அது வந்து எவ்ளோ வருசமாச்சி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பிளாக் முழுக்க இருந்தது அதே தொகுதிதானே. ஒரே வேனில் வந்தவை. வீடு வீடாகப் போய்ப் பெட்டியைத் திறந்து தாளில் உள்ள எழுத்துகளை ஒத்துப் பார்த்தோம். எதிர் வீட்டு டிஸ்கில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அந்த வீட்டில் இருந்தவர் தெற்கத்திக்காரர், அளந்து பேசுகிறவர். அதில் அவருடைய பிள்ளைகளின் போட்டோ எல்லாம் இருந்தது. எங்கள் டிஸ்கில் வேறு ஏதாவது கோளாறு இருந்தால் உங்கள் போர்டும் போய்விடலாம் என்று மறைக்காமல் சொன்னேன்.

"எம் பிள்ளைக அவுக சத்தங் கேட்டுத்தான தெனமும் சாப்பிட வந்துச்சு. போட்டோவ மாத்தி வச்சுட்டுத் தாரேன். கழத்திக்கிடுங்க" என்றார்.

மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

கையில் டிஸ்கும் போர்டும் இருக்க, தம்பிக்குக் கை பரபரத்தது. நான் மாக்-அப் செய்தாக வேண்டும் என்றேன். எங்கள் வேலையில் கதிர்வீச்சு உள்ள இடத்துக்குள் போய் ஒரு வால்வை மாற்ற வேண்டுமானால், அதே மாதிரி ஒன்றை வெளியே வைத்து, அதே உடுப்பில், அதே கையுறையில், கை தானாகப் போகிற வரைக்கும் பழகுவோம். உள்ளே நின்று யோசிக்க நேரம் இருக்காது. அதற்குப் பெயர்தான் மாக்-அப்.

"இன்னா மாமா, நாலு ஸ்குரூ அவுக்கறதுக்கு ரிகர்சலா? கல்யாணத்துக்குக்கூட யாரும் ரிகர்சல் பாக்கல" என்றான் தம்பி. அக்கா அவன் தலையில் ஒன்று வைத்தாள். ஆபீசில் குப்பைக்குப் போன அதே கம்பெனி டிஸ்க் ஒன்றை முனகிக்கொண்டே கொண்டு வந்தான்.

ஸ்குரூக்கள் நட்சத்திரத் தலை கொண்டவை. அதற்கான முனையை வாங்கி, செத்த டிஸ்கில் கழற்றிப் பார்த்தேன். ஸ்குரூக்கள் வந்தன. போர்டை நேராக மேலே தூக்கினேன். டக்கென்று ஒரு சத்தம். மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் மெல்லிய நாக்குகள் போர்டோடு கொக்கி மாட்டியிருந்தன. தூக்கின வேகத்தில் ஒன்று ஒடிந்தே போனது. போர்டை முதலில் பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்த்தி, அப்புறம்தான் தூக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. அது மட்டும் அவளுடைய டிஸ்காக இருந்திருந்தால். தம்பி அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. அவனும் உட்கார்ந்து பழகினான்.

மழை விட்டு நன்றாக வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மின்விசிறியை நிறுத்தினோம். வேட்டியை மடித்து மேஜையில் விரித்தேன். எதிர் வீட்டுக்காரர் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. நகர்த்தினேன், தூக்கினேன், வந்துவிட்டது. புதுப் போர்டு சந்தனம் துடைத்த அந்த இடத்தில் ஒட்டின மாதிரி உட்கார்ந்தது. தம்பி பெரிய டிஸ்க் ஒன்றைப் பக்கத்தில் இணைத்தான். பழைய டிஸ்கிலிருந்து படிக்க மட்டும் செய்ய வேண்டும், அதில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது, எதையும் திறந்து பார்க்காமல் முதலில் மொத்தமாகப் பிரதி எடுக்க வேண்டும். இதை அவனே எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு அவன் மேல் மரியாதை வந்தது.

சுவிட்சை அவளையே போடச் சொன்னோம். மாட்டேன் என்று தலையாட்டினாள். நான்தான் போட்டேன்.

முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் எங்கேயோ தூரத்தில் கிளம்புகிற மாதிரி ஒரு மெல்லிய சுழற்சி. ஏறிக்கொண்டே போய், ஒரு இடத்தில் நிலைத்து, சின்னதாக ஒரு டிக். முனை மிதக்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்தப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள் அவள். அதிர்வு தெரிந்திருக்கும். குரல் என்பதும் காற்றுதானே என்று அப்போது எனக்குத் தோன்றியது. தொண்டையிலிருந்து போன காற்று அங்கே காந்தமாகிக் கிடந்தது. இப்போது காற்றின் மேல் மிதந்தபடி ஒன்று அதைப் படித்துக்கொண்டிருந்தது. தினமும் யுரேனியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் நடுவில் வேலை செய்தவன் நான். அங்கேகூட நான் எதையும் இப்படிப் பார்த்து நின்றதில்லை.

பிரதி எடுத்து முடிய வெகுநேரம் ஆனது. எங்கள் பெண் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டுக் கீழே விளையாடப் போய்விட்டாள். முடிந்ததும் பழைய டிஸ்கை நிறுத்தி, போர்டைக் கழற்றி எதிர் வீட்டுக்காரரிடம் கொடுத்தோம். அவர் போய்த் தன்னுடையதில் மாட்டிப் பார்த்து, ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் போன பிறகுதான் தம்பி பிரதியைத் திறந்தான். அவளுடைய கோப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துப் பெயர் வைத்திருந்தாள். சாப்பிட. எழுப்ப. பரீட்சை. பொய் சொன்னா. பெரிய பொண்ணானா. தவழ்கிற பிள்ளையை, அது இன்னும் செய்யாத தப்புக்கெல்லாம் முன்கூட்டியே திட்டி வைத்திருந்தாள். தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

எதைப் போடுவது என்று அவளைப் பார்த்தோம். அவள் முதலாவதைக் காட்டினாள். ஸ்பீக்கரில் சத்தம் முழுசாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பால்கனிக் கதவு திறந்திருந்தது.

"பாப்பா… வா! சோறு ஆறிகினு கீது, மேல வா!"

கரகரத்த குரல்தான். ஆனாலும் அவள்தான். வீடு முழுக்க அவள்தான். கீழே திடலில் சத்தம் சட்டென்று நின்றது. எதிர் வீட்டுப் பெரிய பையன் பந்தைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் குரலைத் தெரிந்தவன் அவன். எங்கள் பெண்ணுக்குத் தெரிய நியாயமில்லை. அவள் தவழ்ந்த காலத்திலேயே அது போய்விட்டது.

படியில் தடதடவென்று காலடி கேட்டது. மூச்சிரைக்க வந்து நின்றாள், கையெல்லாம் மணல். என்னையும் பார்க்கவில்லை, ஸ்பீக்கரையும் பார்க்கவில்லை. நேராக அம்மாவிடம் போய், "இன்னாம்மா, கூப்ட்ட?" என்றாள்.

தம்பி குனிந்து, "அம்மாதான் கூப்ட்டாங்கன்னு ஒனக்கு எப்பிடிடா தெரியும்?" என்று கேட்டான். இது என்ன கேள்வி என்பது போல அவனைப் பார்த்துவிட்டு, அவள் கைதட்டிக் காட்டினாள். படபடவென்று இரண்டு, நிறுத்தி, ஓங்கி ஒன்று. பாப்பா, வா.

"அம்மா கைதட்டு பேசிச்சி மாமா" என்றாள்.

இத்தனை வருடம் அந்தக் குரலையும் கேட்டேன், அந்தக் கைதட்டலையும் கேட்டேன். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. குரல் போய்விட்டது என்று நாங்கள் பயந்துகொண்டிருந்த காலமெல்லாம், அவள் பால்கனியில் நின்று அந்தக் குரலில்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். என் மனைவியும் அப்போதுதான் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். பிறகு மவுசைத் தள்ளி வைத்துவிட்டு, சோறு போட எழுந்து போனாள்.